மார்பில் கட்டி: அவசரத்தில் நடக்கும் தவறுகள்

மும்பையில் தாராவியோ, மாட்டுங்காவோ, செம்பூரோ, மார்பில் கட்டி என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் பேச்சு இதுதான்: "பக்கத்து நர்சிங் ஹோம்லயே உடனே எடுத்துப் போட்டுடலாம்." பின்னால் வரும் சிக்கல்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. என்ன கட்டி என்று தெரியாமல் வெட்டி எடுத்துவிட்டுப் பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால், ஓரங்களில் நோய் மிச்சமிருக்கிறதா என்பதே தெளிவாக இருக்காது. இரண்டாவது முறை கத்தி வைக்க வேண்டி வரலாம்.

முதலில் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே, சோனோகிராபி. பிறகு தடித்த ஊசியால் சிறு சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கும் ட்ரூகட் பயாப்சி. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியம்மா இருப்பார். அவர் சொல்வது உண்மையில்லை. கட்டி வளர ஹார்மோன்கள் உதவுகின்றனவா (ஈஆர், பிஆர்), ஹெர்2 என்ற புரதம் உதவுகிறதா என்று அந்தச் சிறு துண்டில் பார்க்கும் சோதனைகளையும், நோய் எந்த அளவில் இருக்கிறது என்பதையும் வைத்துத்தான் அறுவை முதலா, கீமோ முதலா என்று முடிவாகும். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, சதைத் துண்டு பதித்த மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஓரிரு வாரம் ஆவதால் பயமில்லை. "ஆடி போகட்டும், கல்யாணம் முடியட்டும்" என்று மாதக்கணக்கில் தள்ளுவதுதான் ஆபத்து.

முழு மார்பையும் எடுத்தால்தான் பத்திரம் என்பது இன்னொரு பிடிவாதம். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் 2002இல் வந்தன. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும், முழு மார்பையும் எடுத்தவர்களும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. கட்டி போய்விட்டதே என்று ரேடியேஷனைப் பாதியில் விட்டால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது வேறொன்று. திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மாவுக்கு இந்தி தெரியாது. மகன் டாக்டரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, சின்ன ஆபரேஷன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான். உடம்பு அவருடையது. முழுதாகச் சொல்லுங்கள்.

எடுத்த மார்பின் உருவத்தைத் திரும்ப அமைக்கும் மறுசீரமைப்பைப் பற்றி முதல் அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். பிறகும் செய்யலாம்தான், ஆனால் தோலை எவ்வளவு விட்டுவைப்பது, இம்பிளான்ட் என்ற செயற்கைப் பொருளை உள்ளே வைப்பதா, வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுப்பதா என்பதெல்லாம் அப்போதே யோசிக்க வேண்டியவை. ரேடியேஷன் உறுதி என்றால் இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள சதை இறுகிப்போகும் வாய்ப்பு கூடும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெற்றிலையோடு போகும் புகையிலை, பல்லில் தேய்க்கும் மிஷ்ரி என்ற வறுத்த புகையிலைப் பொடி இரண்டையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும். உருவம் திரும்பினாலும் பழைய உணர்ச்சி முழுதாகத் திரும்பாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வேண்டாம் என்று தட்டையாகவே விடுவதும் சரியான முடிவுதான்.

"இந்த வயசுல அழகு எதுக்கு?" என்பவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி அப்படிச் சொன்னால் பாலிசியை எடுத்துக் காட்டுங்கள். அழகுக்கான அறுவைக்குப் பணம் இல்லை என்ற விதியிலேயே, புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு விலக்கு உண்டு.

வீடு திரும்பியதும் "கையை அசைக்காதே" என்பார்கள். டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சொன்ன நாளிலிருந்து, சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்தும் பயிற்சியை விடாதீர்கள். ரேடியேஷனுக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வேண்டும். தோள் இறுகிவிட்டால் அந்தத் தேதியும் தள்ளிப்போகும்.