தூக்க மாத்திரைச் சார்பு வினாத்தாளைத் தமிழாக்கிச் சரிபார்த்தல்: புதியவர்களுக்கான செய்முறை

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம், டயசெபாம் போன்ற மாத்திரைகளுக்கு ஒருவர் எந்த அளவுக்கு அடிமைப்பட்டிருக்கிறார் என்பதை அறிய, 1995இல் வெளியான சார்புத் தீவிர அளவுகோல் (Severity of Dependence Scale) உதவும். முதலில் ஹெராயின் முதலிய போதைப் பொருள்களுக்கென எழுதப்பட்ட இது, பின்னர் இம்மாத்திரைகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. ஐந்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இதைத் திருநெல்வேலி வட்டாரத்தில் பயன்படுத்த விரும்பும் மாணவர் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: அனுமதி. அளவுகோலின் உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதியும், கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதலும் பெறாமல் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது.

படி 2: மொழிபெயர்ப்பும் மீள்மொழிபெயர்ப்பும். மருத்துவம் அறிந்த ஒருவரும் அறியாத ஒருவரும் தனித்தனியே தமிழாக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிய பின், மூலத்தைப் பார்த்திராத இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். மீள்மொழிபெயர்ப்பு மூலத்தோடு அச்சாகப் பொருந்திவிட்டால் மகிழ்ந்துவிட வேண்டாம். சொல்லுக்குச் சொல் பெயர்த்த, யாரும் பேசாத தமிழ்தான் மிக எளிதாகத் திரும்பிப் போகும்.

படி 3: வல்லுநர் குழு. மனநல மருத்துவர், மொழி அறிந்தவர், களப்பணியாளர் ஆகியோருடன் மருந்துக்கடைக்காரர் ஒருவரும் இருந்தால் நல்லது. மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியதுண்டா என்று நேராகக் கேட்டால் குற்றம் சாட்டுவதாகவே பலருக்குத் தோன்றும். இந்த அளவுகோல் சார்பை மட்டுமே அளக்கிறது என்பதால், சொன்ன அளவுக்கு மேல் போட்டது, பழைய சீட்டைக் காட்டி வாங்கியது, பக்கத்து வீட்டாரின் மாத்திரையை எடுத்துக்கொண்டது ஆகியவற்றைத் தனிப் பக்கத்தில் செயல்களாகக் கேளுங்கள். அந்த விடைகளை ஐந்து கேள்விகளின் மதிப்பெண்ணோடு கூட்டக் கூடாது.

படி 4: முன்சோதனை. கேள்விகளை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்க 30 முதல் 40 பேரிடம் செய்யும் இந்தப் படிக்கு உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை ஒதுக்குங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் பீடி சுற்றும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரிடம் இரண்டாம் கேள்வியை வாசிப்பதாக வைத்துக்கொள்வோம்: மாத்திரை போட முடியாமல் போய்விடுமோ என்ற எண்ணம் உங்களுக்குக் கவலை தந்ததா? அவர், “ஆமா, ஒருநாள்கூட விடப்பிடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காவல்லா” என்கிறார். தாளில் 3 மதிப்பெண் விழுகிறது. உடனே அடுத்த கேள்விக்குப் போகாமல், “எந்த மாத்திரைய நெனச்சுச் சொன்னிய, அக்கா?” என்று கேட்டால், அவர் பிரஷர் மாத்திரையைச் சொல்லக்கூடும். தூக்க மாத்திரையையே சொன்னாலும், அந்தக் கவலை சார்பிலிருந்து வந்ததா, மருத்துவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதிலிருந்து வந்ததா என்று இன்னும் துருவிக் கேட்க வேண்டும். எனவே மாத்திரை அட்டைகளின் படங்களைக் கையில் வைத்திருந்து, எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதை ஒவ்வொரு கேள்வியிலும் குறிப்பிடுங்கள்.

திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது கிடைக்கும் விடையை நம்ப வேண்டாம். தனியிடம் கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் போகலாம். கூடுதல் மதிப்பெண் பெற்றவரிடம் மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லக் கூடாது. நெடுநாள் போட்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்று சொல்லி, மனநலப் பிரிவுக்கு அனுப்பும் வழியை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

படி 5: சரிபார்ப்பு. கேள்விக்குப் பத்துப் பேர் என்ற பழைய கணக்கின்படி ஐம்பது பேர் போதும் என்று ஆகும். அது மிகக் குறைவு, நூறு பேருக்கும் குறையாமல் சேருங்கள். கேள்விகளின் விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணான கிரான்பாக் ஆல்ஃபா 0.70க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். ஆனால் எல்லோரும் எல்லாக் கேள்விகளையும் பிரஷர் மாத்திரைக்கே பொருத்திக்கொண்டாலும் ஆல்ஃபா உயர்ந்தே நிற்கும் என்பதால், முன்சோதனையில் விட்டதை இந்த எண் காட்டிக்கொடுக்காது. இரண்டு வாரம் கழித்து ஒரு பகுதியினரிடம், இடையில் மருந்தோ அளவோ மாறாதவர்களிடம் மட்டும், மீண்டும் கேட்டு இரு மதிப்பெண்களின் ஒத்திசைவைக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, மதிப்பெண்ணை அறியாத மனநல மருத்துவர் ஒருவர் அதே ஆட்களை நேர்காணல் செய்து உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-10இன் வரையறைகளின்படி சார்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு எல்லை மதிப்பெண்ணும் சார்பு உள்ளவரையும் இல்லாதவரையும் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறது என்று காட்டும் ஆர்.ஓ.சி. வளைவை வரைந்தால் எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் சார்பு எனக் கொள்ளலாம் என்பது தெரியும். இந்த எல்லை பொருளுக்குப் பொருள், ஆய்வுக்கு ஆய்வு மாறியிருப்பதால், வேறு மொழியில் கண்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் தரவிலிருந்தே அதைக் கண்டு, எந்த வகை நோயாளிகளிடம் கண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.