மூன்றாவது சீசனில் பட்ஜெட் ஏன் கவிழ்கிறது? அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பாலில் ஒப்பந்தக் கணக்கு

பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டான அவுட் ஆஃப் தி பார்க்கில் புதிதாக அணி எடுப்பவர்களுக்கு முதல் இரண்டு சீசன் பெரும்பாலும் சுகமாகவே ஓடும். மூன்றாவது சீசனில் ஓனர் கொடுத்த பட்ஜெட்டைச் சம்பளம் தாண்டிவிடும். நல்ல ஷார்ட்ஸ்டாப்பை விற்றால்தான் வண்டி ஓடும் என்ற நிலை வரும். அந்த ஆண்டு யாரையும் அதிக விலைக்கு எடுத்திருக்கவே மாட்டீர்கள். ஓட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விழுந்திருக்கும்.

கீழே உள்ளவை எம்.எல்.பி. (அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால்) விதிகளோடு தொடங்கும் வழக்கமான ஆட்டத்துக்கு. கற்பனை லீக் என்றால் விதிகளை முதலில் லீக் அமைப்புகளில் சரிபாருங்கள்.

படி 1: அசிஸ்டன்ட் கையிலிருந்து பேனாவை வாங்குங்கள்

மேனேஜர் அமைப்புகளில் ஒப்பந்த நீட்டிப்பு, ஆர்பிட்ரேஷன் (இளம் வீரரின் அடுத்த ஆண்டுச் சம்பளத்தை நடுவர் முறையில் தீர்ப்பது), ஃப்ரீ ஏஜெண்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் போடக்கூடிய வீரர்) மூன்றையும் உங்கள் பொறுப்புக்கு மாற்றுங்கள். மைனர் லீக் (கீழ்நிலை அணிகள்) வரிசையை அசிஸ்டன்டே பார்த்துக்கொள்ளட்டும், அதில் பணம் போகாது.

படி 2: பட்ஜெட் வேறு, சம்பளத்துக்கான பணம் வேறு

ஓனர் தரும் மொத்தத் தொகையிலிருந்துதான் பயிற்சியாளர் சம்பளம், ஸ்கவுட்டிங் (வீரர்களைத் தேடி மதிப்பிடுவது), வீரர் மேம்பாடு எல்லாம் போக வேண்டும். மிச்சம்தான் வீரர்களுக்கு. பணம் பற்றாதபோது மேம்பாட்டுத் தொகையில் கை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். 7,80,000 டாலர் குறைந்தபட்சச் சம்பளத்தில் (2026 கணக்கு) ஆடும் இளைஞர்கள்தான் பட்ஜெட்டின் முதுகெலும்பு, அவர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஸ்கவுட்டிங்கில் வெட்டுங்கள்.

இந்த ஆண்டு செலவாகாத பட்ஜெட் அப்படியே அடுத்த ஆண்டுக்கு வந்து சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். படி 4-இல் இது உதவும்.

படி 3: ஆண்டுவாரிப் பட்டியல்

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

சம்பளத் திரையில் அடுத்த ஆண்டுக்கான உறுதித் தொகை சிறியதாகத் தெரியும். காரணம், ஏற்கெனவே கையெழுத்தான பல்லாண்டு ஒப்பந்தங்கள் மட்டுமே அதில் இருக்கும். ஆர்பிட்ரேஷனுக்கு வரும் வீரர்களுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தமே இருக்காது, ஆனால் சம்பளம் கொடுத்தே தீர வேண்டும்.

உதாரணத்துக்கு, வீரர் சம்பளத்துக்கு 150 மில்லியன் டாலர் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு 11 பேருக்கு உறுதியான தொகை 96 மில்லியன். 54 மில்லியன் மிச்சம் என்று மனம் துள்ளும். இப்போது மற்றவர்களைச் சேருங்கள்:

- ஆர்பிட்ரேஷனில் 3 பேர்: 4, 7.5, 10 மில்லியன். மொத்தம் 21.5
- குறைந்தபட்சச் சம்பளத்தில் 10 பேர்: சுமார் 8
- காயம், ஜூலை ட்ரேடுக்கு (வீரர் பரிமாற்றத்துக்கு) கைக்காவல்: 5

மிச்சம் 19.5 மில்லியன். அதை வைத்து 26 பேர் கொண்ட அணியில் இன்னும் 2 இடம் நிரப்ப வேண்டும். 54-ஐ நம்பி 25 மில்லியனுக்கு ஒரு ஸ்டார்ட்டரை (ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளரை) எடுத்திருந்தால் கதை முடிந்தது.

ஆர்பிட்ரேஷன் தொகையை எப்படி ஊகிப்பது? பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: அந்த வீரர் திறந்த சந்தையில் பெறக்கூடிய சம்பளத்தில் முதல் ஆண்டு 40 சதவீதம், இரண்டாம் ஆண்டு 60, மூன்றாம் ஆண்டு 80. சந்தையில் 20 மில்லியன் பெறுமானமுள்ளவர் என்றால் 8, 12, 16. துல்லியமில்லைதான், ஆனால் பூஜ்யம் என்று எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

யார் எப்போது அங்கே வருவார் என்பதை சர்வீஸ் டைம் சொல்லும். மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு. 3 ஆண்டு முடிந்தால் ஆர்பிட்ரேஷன், 6 முடிந்தால் ஃப்ரீ ஏஜெண்ட். 2 ஆண்டுக்கும் 3 ஆண்டுக்கும் நடுவில் இருப்பவர்களில் சர்வீஸ் அதிகமுள்ள மேல் 22 சதவீதத்தினர் ‘சூப்பர் டூ’ என்று ஓர் ஆண்டு முன்னதாகவே ஆர்பிட்ரேஷனுக்குள் நுழைந்துவிடுவார்கள். பட்டியலில் விட்டுப்போவது பெரும்பாலும் இவர்கள்தான். (172 என்ற எண்ணின் மகிமை தெரிய வேண்டுமானால் 2015-இல் சிகாகோ கப்ஸ் அணியின் கிறிஸ் பிரையன்ட்டைப் பாருங்கள். அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது 171 நாள், ஒரு நாள் குறைந்ததால் அது முழு ஆண்டாகவில்லை.)

இதற்கு ஆட்டத்தின் அறிக்கைகளை ஏற்றுமதி செய்து மல்லுக்கட்டத் தேவையில்லை. ஒரு வெற்று ஸ்ப்ரெட்ஷீட்டில் 26 வரிசை, 5 ஆண்டுக்கு 5 பத்தி, கையாலேயே தட்டுங்கள். கையால் எழுதும்போதுதான் 36 வயது ரிலீவருக்கு (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவருக்கு) இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி இருப்பது கண்ணில் படும்.

படி 4: ஒப்பந்தத்தின் வடிவம்

4 ஆண்டுக்கு 80 மில்லியன் என்றால் ஆண்டுக்கு 20 என்று சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகத் தொகை போடலாம். இந்த ஆண்டு இடமிருந்தால் 26, 22, 18, 14 என்று இறங்குமுகமாக வையுங்கள். வீணாகப் போகும் இந்த ஆண்டுப் பணம் பயன்படும், வீரருக்கு வயதாகும்போது சம்பளமும் குறையும், ட்ரேட் செய்வதும் எளிது. ஏறுமுகமாக வைப்பது கடனட்டை தேய்ப்பதுபோலத்தான்.

ஆடம்பர வரி (அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் கட்டுவது) வைத்த லீக்கில் இந்த உத்தி வரியைக் குறைக்கும் என்று எண்ண வேண்டாம். எம்.எல்.பி. விதிப்படி வரிக்குக் கணக்கு ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிதான், அதாவது 20. 2026-க்கான வரம்பு 244 மில்லியன். முதல் முறை தாண்டினால் மிகைத் தொகையில் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 50.

டீம் ஆப்ஷன் (இன்னோர் ஆண்டு வைத்துக்கொள்வதா என்று அணியே முடிவெடுக்கும் உரிமை) கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 12 மில்லியன் ஆப்ஷன், 2 மில்லியன் பைஅவுட் (வேண்டாமென்றால் கொடுக்கும் தொகை) என்றால் அந்த 2 எப்படியும் போகிற காசு. எனவே அவரை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்கும்போது 10-ஐ வைத்து யோசியுங்கள். ப்ளேயர் ஆப்ஷன் இதற்கு நேர்மாறு: நன்றாக ஆடினால் போய்விடுவார், சொதப்பினால் உங்கள் தலையில். 33 வயது தாண்டிய பிட்சருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் எழுதவே கூடாது என்பது என் கட்சி.

படி 5: எப்போது வாங்குவது

முதல் தர நட்சத்திரம் வேண்டுமென்றால் ஃப்ரீ ஏஜெண்ட் சந்தை திறந்ததும் இறங்குங்கள். ரிலீவர்கள், நான்காம் ஐந்தாம் ஸ்டார்ட்டர்கள், பெஞ்ச் வீரர்கள் எல்லாம் பிப்ரவரி வரை காத்திருக்கலாம். அணி கிடைக்காதவர்கள் கேட்கும் தொகை இறங்கிக்கொண்டே வரும்.

ஆர்பிட்ரேஷன் கெடு வருமுன் பட்டியலை மறுபடி திறங்கள். 6 மில்லியன் கேட்கும் ரிலீவரின் வேலையைச் சந்தையில் 2 மில்லியனுக்குச் செய்ய ஆள் இருந்தால், அந்த ரிலீவருக்கு ஒப்பந்தம் தராமல் விட்டுவிடலாம். கெடுவுக்கு முன் விட்டால் அவருக்குத் தர வேண்டியது எதுவுமில்லை.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் இரண்டு சந்தேகங்கள்

ஜூலை இறுதியில் ட்ரேடில் 16 மில்லியன் வீரர் வந்தால் இந்த ஆண்டு உங்கள் பங்கு ஏறத்தாழ 5 மில்லியன்தான், ஏனென்றால் சீசனில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அடுத்த ஆண்டுப் பத்தியில் முழு 16-ஐ எழுதுங்கள். பலர் அங்கேயும் 5 என்றே எழுதிவிடுகிறார்கள்.

ஒருவரை ரிலீஸ் செய்தால் சம்பளம் மறையாது, மிச்சத் தொகை முழுவதும் உங்கள் கணக்கிலேயே நிற்கும். முதலில் வெய்வரில் (மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில்) வையுங்கள். வேறு அணி எடுத்துக்கொண்டால் ஒப்பந்தமும் அவர்களோடு போகும். யாரும் எடுக்காவிட்டால், சம்பளத்தில் பாதியை நீங்களே ஏற்று ட்ரேடுக்கு முயலுங்கள். பாதி மிச்சம், ஒரு மைனர் லீக் பையனும் கிடைக்கலாம்.