கொள்ளு விதைக்கிறீங்களா? அவசரப்படாதீங்க

பண்ருட்டிப் பக்கம் செம்மண்ணுல ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தா கொள்ளு போடலாம். தண்ணி கட்டத் தேவையில்லை, உரச்செலவும் குறைவு. ஆனா பருவம் முக்கியம். பகல் பொழுது குறையும்போதுதான் கொள்ளு பூக்கும். ஆடியிலேயே தூவிட்டு, கொடி கொடியா ஓடுதேன்னு நானும் ஒரு வருஷம் பூரிச்சுப் போனேன். காய் பிடிச்சது கொஞ்சம்தான், மாட்டுக்குத்தான் ஆச்சு. அதைவிட, நம்ம கடலூர் மாவட்டத்து ஐப்பசி மழையில தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். கார்த்திகையில மழை ஓயுற நேரம், மண்ணுல ஈரம் இருக்கும்போதே விதைச்சிடுங்க. ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். பையூர் 2 ரகம் கிடைச்சா நல்லது.

காய் பழுப்பு நிறமானதும் விடியக்காலையில பனி ஈரத்தோட செடியைப் பிடுங்குங்க. வெயில் ஏறினா காய் வெடிச்சு பாதி மண்ணுக்குத்தான்.

விதைக்கு எடுத்து வைக்கும்போது ஒரு பிடி அள்ளி உத்துப் பாருங்க. பயறு மேல குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தா அது வண்டு முட்டை. அந்தப் பயறைப் பொறுக்கி எடுத்துட்டு, மீதியைக் கடிச்சா 'டக்'குனு உடையுற அளவுக்குக் காயவெச்சு, ஆறினதும் டப்பாவுல அடைங்க. சூட்டோட மூடினா உள்ளே வேர்த்துடும்.

சமையலுக்குக் கொள்ளு வேகவெச்ச தண்ணியைக் கொட்டிடாதீங்க. அதுல ரசம், மீதிக் கொள்ளுல பூண்டு, காய்ஞ்ச மிளகாய் வெச்சு துவையல். அம்மியில அரைச்சா தனி ருசி.