பின்கட்டில் நாலு கோழி: தொடங்கும் முன் பார்க்க வேண்டிய விதிகள்

காரைக்குடிப் பக்கம் வீட்டில் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கோழி வரைக்கும் அனுமதி?" என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். உள்ளாட்சி அலுவலகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு, "எண்ணிக்கையை விடுங்க தம்பி, பக்கத்து வீட்டுல இருந்து மனு வருமா வராதா, அதைப் பாருங்க" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. சொந்தமாக ஒரு மனுவைச் சந்தித்த பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது.

முதல் தடவை கோழி வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடு கட்டும் முன்பே வாசித்துவிடுங்கள். கட்டிய பிறகு இடம் மாற்றுவது பெரிய வேலை.

முதல் படி: உங்கள் வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது

செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் நிர்வாகம் ஒன்றல்ல. காரைக்குடி 2024ல் மாநகராட்சி ஆகிவிட்டது. தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் பேரூராட்சிகள். ஆத்தங்குடி ஊராட்சி. ராயவரம், கோனாபட்டுப் பக்கம் போனால் மாவட்டமே புதுக்கோட்டை. சந்தேகம் இருந்தால் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தலைப்பிலேயே இருக்கும்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன்கீழ் வந்த 2023 விதிகளும் பொருந்தும். ஊராட்சி என்றால் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். இவை போக, 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் ஊர், நகரம் என்று பார்க்காமல் பொருந்தும். சுகாதாரத்துக்குக் கேடாகும் விதத்தில் விலங்கையோ பறவையையோ வைத்திருந்தால் அதைத் தொல்லை என்று கருதி நடவடிக்கை எடுக்க வழி இருக்கிறது. நாலைந்து கோழி வைத்திருப்பவரிடம் யாராவது வந்து நின்றால், பெரும்பாலும் 'தொல்லை' என்ற இந்தச் சொல்லோடுதான் வருவார்கள். இதை நினைவில் வையுங்கள், மற்ற படிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

இரண்டாம் படி: கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்

நகர்ப்புறத்தில் சுகாதாரப் பிரிவிலும், ஊராட்சியில் செயலரிடமும் கேளுங்கள். கேட்க வேண்டியது இரண்டுதான். வீட்டில் கோழி வளர்ப்பது பற்றித் தனித் தீர்மானமோ துணைவிதியோ இங்கே இருக்கிறதா? முட்டையோ கோழியோ விற்றால் தொழில் உரிமம் வேண்டுமா? வாய்வார்த்தையாக "கூடாது" என்றால் எந்தத் தீர்மானம், என்ன தேதி என்று பணிவாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். சண்டைக்குப் போகிறீர்கள் என்று நினைக்க வேண்டாம். எழுத்தில் ஒரு பதில் கையில் இருந்தால் நாளைக்கு உதவும்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து கேட்கலாம். ஊரே பார்க்கும் என்பது மட்டும்தான் சங்கடம்.

பெரிய பண்ணைக்கான விதிகளை இணையத்தில் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். குடியிருப்பிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும் என்பதெல்லாம் 5,000 கோழிக்கு மேல் வைத்திருக்கும் பண்ணைக்கு. பின்கட்டில் நாலு சிறுவிடை நாட்டுக்கோழி வைத்திருப்பவருக்கு அந்தக் காகிதம் தேவையில்லை.

மூன்றாம் படி: வீடு முழுக்க உங்களுடையதுதானா

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரிய வீடுகள் பலவற்றில் பங்காளிகள் நாலு பேர், எட்டு பேர், சிலவற்றில் அதற்கும் மேலே. வீட்டில் தங்கியிருப்பவர் ஒருவர், அல்லது காவலுக்கு இருக்கும் ஒரு குடும்பம் மட்டும். பங்கு உள்ளவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்று வந்து இறங்கும்போதுதான் கோழியைப் பார்ப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் இருக்க வேண்டிய கோழிகள் யாரோ கதவைத் திறந்துவிட்டதில் நடு முற்றமான வளவு வழியாக முகப்பு வரைக்கும் உலாத்திவிட்டன. மறுநாள் விசேஷம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுக்க எச்சம். கழுவியவர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். அதன் பிறகு அந்த வீட்டில் கோழி என்ற பேச்சே இல்லை. பங்காளிகளிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னால் பதிலும் எழுத்தில் இருக்கும்.

வளவில் கோழி விடவே கூடாது என்பது என் தனிப்பட்ட கருத்து. பல வீடுகளில் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடிப்பது அங்கேதான்.

நான்காம் படி: சேவல் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

முட்டைக்குச் சேவல் தேவையில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் புதியவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பெட்டைக்கோழி தனியாக இருந்தாலும் முட்டை இடும். அடை வைத்து 21 நாளில் குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் சேவல்.

கோழி பற்றி வருகிற புகார்களில் பாதி உண்மையில் சேவல் பற்றியதுதான். குன்றக்குடி மலையில் முருகன் கொடியில் இருக்கும் சேவலைக் கும்பிடுகிறவர்கூட, பக்கத்து வீட்டுச் சேவல் நாலரை மணிக்குக் கூவினால் கும்பிட மாட்டார். கூட்டுக்குச் சாக்கைப் போட்டு மூடினால் கூவாது என்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் அமுங்கியது, நேரம் மாறவில்லை. வெளிச்சம் பார்த்து மட்டும் சேவல் கூவுவதில்லை, அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். என் சேவல் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

சட்டப்படி பார்த்தால், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சேவலை நினைத்து எழுதிய விதி அல்ல அது. ஆனால் அதில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. நமக்கு விடிகாலை, விதிக்கு அது நடு இரவுபோலத்தான். வாதம் என்று வந்தால் இந்த வரி உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

எனக்கு வந்த மனுவும் இதனால்தான். அடுத்த வீட்டு ஆச்சி மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவார். கோழி ஏறிக் கிளறியது ஒரு நாள். அதைப் பொறுத்துக்கொண்டார். சேவல் கூவலைப் பொறுக்க முடியவில்லை. "தம்பி, எனக்குப் பிரஷர் இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கண் அசரும்" என்று இரண்டு முறை சொன்னார். நான் "சரிங்க ஆச்சி" என்றேனே தவிர ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது முறை அவர் என்னிடம் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டார். தப்பு என்னுடையதுதான். சேவலைத் தோட்டம் உள்ள ஒரு உறவினர் வீட்டுக்கு அனுப்பினேன். குஞ்சு வேண்டும்போது அங்கிருந்து கருக்கூடிய முட்டையை வாங்கி வந்து அடை வைக்கிறேன். வேலை நடக்கிறது.

அப்புறம், சண்டைச் சேவல். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி சேவற்சண்டை நடத்துவது குற்றம். அசைய இடமில்லாத கூண்டில் அடைத்து வைப்பதும் அதே சட்டத்தில் குற்றம்.

ஐந்தாம் படி: கூடும் எச்சமும்

கூடு நம் சுவரை ஒட்டி இருக்கலாம், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. அவர்கள் சமையலறைச் சன்னல், கிணறு, பூஜை அறை எந்தப் பக்கம் என்று ஒரு தடவை நின்று பாருங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் பாருங்கள். ஒரு கோழிக்கு உள்ளே குறைந்தது இரண்டு சதுர அடி. தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, கம்பிவலை அடித்து, கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள். நிலையாகச் செங்கல் வைத்துக் கட்டினால் கட்டட அனுமதி, சுவர் உரிமை என்று வேறு பேச்சுகள் கிளம்பும். குஞ்சுகளுக்குப் பஞ்சாரம் போதும். ராத்திரி கீரி வரும், பூனை வரும், தெருநாய் எப்போதும் உண்டு. ஆகவே கொண்டி இல்லாமல் விட வேண்டாம்.

நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரை வைத்தால் கோழி மூச்சிரைத்தே செத்துவிடும். மேலே தென்னங்கீற்றுப் போடுங்கள். தண்ணீர்ச் சட்டி இரண்டாக இருக்கட்டும்.

எச்சத்துக்கு வருவோம். வாடை எச்சத்தில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. ஈரமான எச்சத்திலிருந்துதான் மூக்கைத் துளைக்கும் அமோனியா கிளம்புகிறது. கூட்டுத் தரையில் நெல் உமியோ மரத்தூளோ இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள், தினம் கிளறி விடுங்கள். தண்ணீர் சிந்திய இடத்தை மட்டும் அள்ளி எடுத்துப் புது உமி போடுங்கள். கழுவிவிடுவது சுத்தம் என்று நினைத்துத்தான் பலர் வாடையை உண்டாக்குகிறார்கள். நானும் முதல் மாதம் தினமும் குழாய் பிடித்தேன். தெரு முழுக்க மணத்தது.

அள்ளிய எச்சத்தைச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊருணிக் கரையிலோ கொட்டக் கூடாது. திடக்கழிவு விதிகளின்படி அது தனிக் குற்றம். காய்ந்த இலையோடு சேர்த்துத் தோட்டத்து மூலையில் குழியில் மூடி வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் நல்ல உரம். பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும்.

தெருவில் மேய விடலாமா என்று கேட்பவர்களுக்கு: விடாதீர்கள். வண்டியில் அடிபட்டால் நஷ்டம் உங்களுக்கு, வண்டிக்காரர் விழுந்தால் வழக்கு உங்கள் மேல்.

ஆறாம் படி: நோய் வந்தால் சொல்லியாக வேண்டும்

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்வதுதான் ராணிக்கெட் நோய். உத்தராகண்டில் உள்ள மலையூர் ஒன்றின் பெயர் அது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், நாலு நாளில் கூடு காலியாகும். வராமல் தடுக்க, குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இதற்காக இலவச முகாம் நடத்துகிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், இந்த நோயும் பறவைக் காய்ச்சலும் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. சந்தேகம் வந்தாலே உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். பறவைக் காய்ச்சல் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகளை அழிப்பார்கள், பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். உங்கள் கோழி தெம்பாகத்தான் இருக்கும், ஆனாலும் போகும். அழித்த கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு. மறைத்துவிட்டுத் தானாகச் செத்த கோழிக்கு ஒன்றும் இல்லை. செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், குப்பை வண்டியில் போட வேண்டாம்.

ஏழாம் படி: நோட்டீஸ் வந்தால்

பதறாதீர்கள், ஆனால் மடித்தும் வைத்துவிடாதீர்கள். யார் அனுப்பியது, எந்தச் சட்டம், எத்தனை நாள் கெடு என்ற மூன்றையும் பாருங்கள். உள்ளாட்சியிலிருந்து வந்திருந்தால் கெடுவுக்குள் கூட்டைச் சரிசெய்து, போட்டோ எடுத்து, எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து என்றால் விஷயம் கொஞ்சம் கனமானது. பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. முதலில் வருவது நிபந்தனை ஆணைதான். ஆஜராகி உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு உண்டு, போகாமல் இருந்தால்தான் அது உறுதியாகிவிடும்.

என் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. சேவல் கிளம்பிய வாரமே ஆச்சி வீட்டுக்கு ஆறு முட்டை கொண்டுபோனேன். வாங்க மாட்டேன் என்றார். அடுத்த மாதம் அவரே பேத்தி வந்திருக்கிறாள், நாட்டுக்கோழி முட்டை இருக்கா தம்பி என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்டார்.