அறிவிப்பு எங்கே போனது?

வெள்ளவத்தையில் மாமாவின் புடவைக் கடைக்கு, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு இணையத்தளம். தீபாவளி விலைக்கழிவு அறிவிப்பைப் போட்டேன். முகப்பின் ‘புதியவை’ பட்டியலில் வரவேயில்லை. மாமா ஐந்து தரம் போன் அடித்துவிட்டார். கேஷ் (சேமித்து வைத்த பழைய பிரதி) தான் காரணம் என்று நினைத்து அதை அழித்து அழித்துக் களைத்தேன். அப்புறம்தான் எடிட்டரின் வலப்பக்கம் கண்ணில் பட்டது: கேட்டகரி (வகை) பெட்டியே இல்லை, ‘பேரன்ட்’ (தாய்ப் பக்கம்) மட்டும் இருந்தது. நான் எழுதியது போஸ்ட் அல்ல, பேஜ்!

பேஜ் ‘எங்களைப் பற்றி’ போல நிலையாக நிற்பது. ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கலாம். ‘புதியவை’ பட்டியலில் திகதி வரிசையில் ஓடுவது போஸ்ட். கேட்டகரி, டேக் (குறிச்சொல்) எல்லாம் அதற்குத்தான். சரி என்று ‘அறிவிப்பு’ கேட்டகரி திறந்து, அதே எழுத்தைப் புதிய போஸ்டில் ஒட்டி, பழைய பேஜைக் குப்பைக்கு அனுப்பினேன். கேட்டகரியையே மெனுவிலும் சேர்த்தேன். மாமா அடுத்த போன் அடித்தது விலை பிழை என்று சொல்ல.