ஃபோர்ட்ரானிலிருந்து சி-க்கு: நவம்பரில் ஓடும், டிசம்பரில் விழும்

பழைய ஃபோர்ட்ரான் கோட் ஒன்றை சி-க்கு மாற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்தின் தினசரி மழையளவை மாதத்துக்கு ஒரு அரேயாக, மாலாக்கில் (நினைவகத்தில் இடம் வாங்கித் தரும் சி செயல்) இடம் வாங்கி நிரப்புகிறது. நவம்பருக்கு ஒழுங்காக ஓடுகிறது. அக்டோபர், டிசம்பர் என்றால் பிறகு எங்கோ ஒரு மாலாக்கிலோ, வாங்கிய இடத்தைத் திருப்பித் தரும் ஃப்ரீயிலோ போய் விழுகிறது.

படி 1: விழுந்த இடத்தைத் தோண்டாதீர்கள். கெட்டது வேறு இடத்தில். ஃபோர்ட்ரான் அரே வழக்கமாக 1-இல் தொடங்கும், சி-யில் 0. லூப்பை 1 முதல் 31 வரை அப்படியே பெயர்த்தால் கடைசி நாள் அரேக்கு வெளியே எழுதப்படும்.

அப்படியானால் நவம்பர் எப்படித் தப்பியது? 64 பிட் லினக்ஸில் மாலாக்கைத் தரும் சி நூலகமான கிளிப்சி, 16 பைட் மடங்குகளில் துண்டு போட்டு, அதில் 8 பைட்டைத் தன் குறிப்புக்கு வைத்துக்கொள்கிறது. 30 டபிளுக்கு (தசம எண், ஒன்றுக்கு 8 பைட்) 240 பைட் கேட்டால் 256 பைட் துண்டு, நமக்கு 248. வழிந்த எண் அந்த மிச்ச 8 பைட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். 31 டபிளுக்கோ 248-ம் தேவை, மிச்சமே இல்லை. வழிந்த எண் அடுத்த துண்டின் அளவுக் குறிப்பை அழிக்கிறது. 31-ஆம் தேதி மழையே இல்லாவிட்டாலும் அந்தச் சுழி போதும். ஆக, ஓடுகிற நவம்பரும் தப்புதான்.

படி 2: அட்ரஸ் சானிடைசர், அதாவது எல்லை மீறி நினைவகத்தைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் கருவி. 2013-இல் வந்த ஜிசிசி கம்பைலர் 4.8 முதல் கூடவே வருகிறது. அதை இயக்கும் ஆப்ஷனோடு டீபக் தகவலையும் சேர்த்து கம்பைல் செய்து, வேண்டுமென்றே நவம்பரை ஓட்டுங்கள். ‘ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ’ (மாலாக்கில் வாங்கிய இடம் வழிந்தது) என்று அங்கேயே நிறுத்தும். அறிக்கையின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். எந்த வரி எழுதியது, எந்த வரி இடம் வாங்கியது, இந்த இரண்டும் போதும்.

படி 3: திருத்தம். லூப்பை 0-க்கு மாற்றத்தான் எல்லோருக்கும் கை போகும். தேதியை அச்சிடும் வரிகளும் அந்த எண்ணையே நம்பியிருந்தால் அவை ஒரு நாள் பிசகும். லூப்பை விட்டுவிட்டு, அரேயைத் தொடும் இடங்களில் மட்டும் ஒன்று கழிப்பதே என் கட்சி.

படி 4: மற்ற சந்தேகங்கள். ஃபோர்ட்ரான் சரத்தின் முடிவில் சுழி பைட் கிடையாது, இடைவெளிதான் நிரம்பியிருக்கும். சி-யின் சரச் செயல்கள் நிற்காமல் ஓடும். இரு பரிமாண அரே (ஒரு பக்கம் நாள், ஒரு பக்கம் ஊர்) இன்னும் மோசம். ஃபோர்ட்ரான் நெடுவரிசையாக அடுக்கும், சி கிடைவரிசையாக. பழைய பைனரி கோப்பை அப்படியே படித்தால் மீனம்பாக்கத்து மழை நுங்கம்பாக்கத்தில் பெய்யும். எல்லைக்குள்ளேயே நடப்பதால் சானிடைசர் வாய் திறக்காது. ஒவ்வொரு அறைக்கும் வெவ்வேறு எண் போட்ட சின்னக் கோப்பை இரண்டு நிரல்களிலும் ஓட்டி, விடைகளை ஒப்பிட்டுத்தான் இதைப் பிடிக்க முடியும்.