பெங்களூருக்குக் குடிவருபவர்களுக்கு: குளியலறையில் தண்ணீர் ஏன் நிற்கிறது, நிற்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது

ஊரிலிருந்து பெங்களூருக்கு வீடு மாற்றுபவர்கள் அட்வான்ஸ் எத்தனை மாதம், ஆபீஸ் எவ்வளவு தூரம், பக்கத்தில் தமிழ்க் கடை இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். குளியலறைத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அல்சூரில் பழைய வீடு எடுத்தாலும் சர்ஜாபூர் சாலையில் புது ஃபிளாட் எடுத்தாலும் முதல் குளிர்காலத்துக்குள் பலருக்கும் இந்தத் தொல்லை வந்துவிடுகிறது. ஊரில் நாம் செய்துவந்ததையேதான் இங்கும் செய்கிறோம். ஆனால் இந்த ஊரின் குளிரும் தண்ணீரும் வேறு.

முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும். சென்னையிலோ மதுரையிலோ வருடத்தின் பெரும்பகுதி அது பாட்டிலில் உருகியே இருக்கும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குகிறது. பாட்டிலில் எண்ணெய் கட்டியாவதைப் பார்ப்பீர்கள். தரைக்கு அடியில் ஓடும் குழாயிலும் அதேதான் நடக்கிறது. தலையில் தேய்த்த எண்ணெய் வெந்நீரோடு உருகி இறங்கும், குளிர்ந்த குழாயைத் தொட்டதும் சுவரில் படியும். நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கு உறையாது. ஆனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் அதனோடு சீயக்காய்த்தூளும் அரப்பும் சேர்ந்து போகின்றன. தூள் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் குழைந்து சாந்தாகிறது. அதில் முடியும் சிக்கினால் கையால் பிய்த்து எடுக்க வேண்டிய அளவுக்கு இறுகிவிடும்.

அடுத்தது தண்ணீர். காவிரி நீர் வரும் பகுதிகளில் நிலைமை பரவாயில்லை. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டு, நகரோடு சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்கும் நீர் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. இருந்தாலும் புறநகர்க் குடியிருப்புகள் பல இன்னமும் போர்வெல்லையும் டேங்கரையும்தான் நம்பியிருக்கின்றன. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆழமான போர்வெல் தண்ணீர் முதல் எல்லையைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகத் திரியும். பக்கெட்டின் உள்பக்கம் வழுவழுவென்று படிவது அதுதான். சிறுவாணித் தண்ணீரில் குளித்துப் பழகிய கோவைக்காரர்களுக்கு இது உடனே தெரியும்: நுரை வராது, அதனால் சோப்பை இன்னும் அதிகமாகத் தேய்ப்பார்கள், பிசுக்கும் அதிகமாகும். ஷாம்பூவும் பாடிவாஷும் பெரும்பாலும் இப்படித் திரிவதில்லை. எனவே உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் சோப்புக் கட்டியைக் குறைத்துக்கொள்வது குழாய்க்கு நல்லது.

முடி எல்லா ஊரிலும் விழுவதுதான். பி.டி.எம். லேஅவுட், மாரத்தஹள்ளி பக்கம் பி.ஜி. எனும் வாடகை விடுதிகளில் மூன்று நான்கு பேர் ஒரே குளியலறையைப் பகிரும்போது அது சீக்கிரம் சேரும். அதோடு நம்மவர்கள் கவனிக்காத ஒன்று, ஷாம்பூ பாக்கெட்டின் முனை. பல்லால் கடித்துக் கிழித்த அந்தச் சின்னத் துண்டு தரைச் சல்லடையின் ஓட்டையில் நுழைந்து உள்ளே போய் முடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்கெட்டைக் குளியலறைக்கு வெளியிலேயே கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துப் போங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரைக் குளியலறைத் தரையில் விடும் வீடுகளில் துணியின் நூலும் பஞ்சும் சேரும். குழாய் முனையில் பழைய காலுறை ஒன்றைக் கட்டினால் அது வடிகட்டிவிடும், வாரம் ஒருமுறை கழற்றி உதறினால் போதும்.

தரையில் தண்ணீர் போகும் இடத்தை இங்கே நானி டிராப் என்பார்கள், மேலே இருக்கும் சல்லடை ஜாலி. ஜாலியைத் தூக்கினால் பல வீடுகளில் உள்ளே ஒரு கப் இருக்கும். அதைக் கழற்றிச் சேர்ந்த முடியை எடுத்து, பழைய பிரஷால் தேய்த்துக் கழுவி, மறுபடி அதே இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்கிற வீட்டில் அடைப்பு வருவது மிக அபூர்வம். தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று அந்தக் கப்பைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. கப் போனால் பல டிராப்களில் அந்தத் தடுப்பும் போய்விடும். இதே காரணத்தால்தான் பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பும்போது வீடு நாறுகிறது. டிராப்பில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும், பிளம்பர் தேவையில்லை.

எண்ணெய்க் குளியல் அன்று மட்டும் சில பழக்கங்கள் வேண்டும். தலையில் இருக்கும் அதிகப்படி எண்ணெயைக் குளிக்கும் முன் பழைய துண்டால் ஒற்றி எடுங்கள். சீயக்காயை நன்றாகச் சலித்து, கஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் திப்பி குறையும். ஜாலிமேல் மெல்லிய ஸ்டீல் வலையோ ஒரு துண்டு கொசுவலையோ விரித்துக் குளியுங்கள். சிக்கிய திப்பியையும் முடியையும் அள்ளிக் குப்பையில் போடுங்கள். திப்பி ஈரக்குப்பைக்குப் போகலாம். முடி, பஞ்சு எல்லாம் சிவப்புத் தொட்டிக்கு. பெங்களூரில் குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். குளித்து முடித்ததும் ஒரு பக்கெட் வெந்நீரை மொத்தமாக ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகி இணைப்பு விட்டுப்போகும், பிறகு கீழ்வீட்டுக் கூரையில் கசியும்.

அப்படியும் அடைத்துவிட்டால், எங்கே அடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரே ஓட்டையில் மட்டும் நின்றால் குற்றம் அந்த டிராப்பில். வாஷ்பேசினில் ஊற்றும் தண்ணீர் தரை ஜாலி வழியாக மேலே வந்தால், இரண்டும் சேர்ந்த குழாயில். மாடியில் யாரோ குளிக்க உங்கள் தரையில் தண்ணீர் பொங்கினால் அது வெளியே இருக்கும் சேம்பரில் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடிபோட்ட தொட்டி), நீங்கள் உள்ளே என்ன செய்தும் பயனில்லை. முதல் இரண்டுக்கும் முள்முள்ளாக இருக்கும் பிளாஸ்டிக் பட்டையோ ஸ்பிரிங் கம்பியோ போதும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ரப்பர் பிளஞ்சர் வைத்து அழுத்துவதானால் பக்கத்து ஓட்டைகளை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்று அந்தப் பக்கம் போய்விடும். வாஷ்பேசின் அடைப்புக்கு அடியில் இருக்கும் பாட்டில் டிராப்பைப் பக்கெட் வைத்துவிட்டுக் கழற்றிக் கழுவலாம்.

ஆசிட் ஊற்றுவது பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூள் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும்தான், ஆனால் தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடாகித் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தூள் வேலை செய்யவில்லை என்று அதன்மேல் ஆசிட்டை ஊற்றுவது மிக ஆபத்து. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். அப்புறம் பிளம்பரைக் கூப்பிட்டால், என்னென்ன ஊற்றினீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். கையை விடப்போவது அவர். இங்கே பல பிளம்பர்கள் ஒடிசாக்காரர்கள், கொஞ்சம் இந்தி போதும். கன்னடக்காரரானால் "பாத்ரூம் பிளாக் ஆகிதே, நீரு ஹோக்தா இல்லா" என்றால் புரிந்துவிடும். பழைய கண்டோன்மென்ட் பகுதிகளில் தமிழிலேயே பேசலாம்.

வீடு பார்க்கப் போகும்போதே இதைச் சோதித்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு பக்கெட் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள். புது ஃபிளாட் என்றால் கட்டாயம் பாருங்கள்: டைல்ஸ் வேலை முடிந்து கழுவிய ஒயிட் சிமெண்டும் மணலும் டிராப்புக்குள் இறுகிக் கிடக்கும், அதை எந்தத் தூளும் கரைக்காது. தரைத்தளத்துக்குப் போகிறவர்கள் மொட்டைமாடி மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள். அது சாக்கடைச் சேம்பரில் சேர்ந்திருந்தால் செப்டம்பர், அக்டோபர் மழையில் உங்கள் குளியலறை வழியாகத்தான் தண்ணீர் திரும்பி வரும். செலவு யாருடையது என்பதையும் அக்ரிமெண்டில் எழுதி வாங்குங்கள். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் வடிகால் சுத்தம் செய்வதை வாடகைக்காரர் பொறுப்பிலும், குழாய் மாற்றுவதை உரிமையாளர் பொறுப்பிலும் வைக்கிறது. பேசுவதற்கு அது நியாயமான அடிப்படை.

நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான் எதையும் கழிப்பறையில் போட்டு ஃப்ளஷ் செய்யாதீர்கள். பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அவை கரைவதே இல்லை. எங்கோ சேம்பரில் சிக்கி, கடைசியில் ஒரு மனிதரின் கைக்குத்தான் வருகின்றன. சேம்பர் அடைத்தால் ஆளை உள்ளே இறக்கிவிடலாம் என்று கட்டடத்தில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தகுந்த பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது, விஷவாயுவில் இன்னமும் ஆட்கள் சாகிறார்கள். தெருவில் இருக்கும் மேன்ஹோல் பொங்கினால் பெங்களூரு குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்கு அழையுங்கள், இயந்திர வண்டி அனுப்புவார்கள். தண்ணீர் பில்லில் இருக்கும் ஆர்.ஆர். எண்ணையும் (உங்கள் இணைப்பின் எண்) தெரு முனையில் இருக்கும் கடை அல்லது கோயில் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.